தட்டினால் விட வேண்டும்

ஜூடோவில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. பிடி தாங்க முடியாமல் போனால் கையால் தட்ட வேண்டும். தரையைத் தட்டலாம், எதிராளியின் முதுகைத் தட்டலாம். தட்டிய நொடியில் எதிராளி விட்டுவிட வேண்டும். பயிற்சியா போட்டியா, அவர் பெரியவரா சின்னவரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சேலத்தில் கல்லூரியில் படித்தபோது நான் ஜூடோ பழகினேன். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு விதி உடம்பில் தங்கிவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால் கை தானாகப் பக்கத்துக் கம்பியைத் தட்டும்.

கல்யாணமாகித் திருச்செங்கோடு வந்து, பள்ளிபாளையத்தில் ஒரு நூல் கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ஜூடோ கிளப்பின் தலைவர் ஒருநாள் போன் செய்தார். போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர், வயதானவர், நல்ல மனிதர். ஒவ்வொரு கிளப்பிலும் உறுப்பினர்களின் பாதுகாப்பைப் பார்க்கவும் புகார்களைக் கேட்கவும் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து சொல்லியிருக்கிறார்களாம்.

“நீங்க பேரு மட்டும் குடுங்க போதும். வேலை ஒண்ணும் இருக்காதுங்க” என்றார்.

முதலில் அப்படித்தான் இருந்தது. ஒரு பையன் நகம் வெட்டாமல் வந்து மற்றவன் கன்னத்தைக் கீறிவிட்டான். ஒரு அப்பா பாய் ஓரத்தில் நின்றுகொண்டு, தோற்ற மகனை எல்லோர் முன்னாலும் திட்டினார். பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. தாழ்ப்பாள் போட வைத்தேன். அந்த அப்பாவை வாசலோடு நிறுத்தினேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கிளப் நடந்த இடம் முன்பு ஒரு தறிப் பட்டறையாக இருந்த மாடிக் கூடம். தறிகளை எடுத்துப் பல வருடம் ஆகியும் தரையில் போல்ட் இறங்கிய குழிகள் அப்படியே இருந்தன. அதன் மேல்தான் பாய் விரித்திருந்தார்கள். கீழே ரிக் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை. பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்துவார்கள். பழகினவர்களுக்கு, சத்தம் நின்றால்தான் திடுக்கென்று இருக்கும்.

அங்கே சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பதை நெருங்கியவர், மெதுவாகப் பேசுவார். ஒரு குழந்தையையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிகளில் மெடல் வாங்கி வந்தார்கள். வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். என் அக்கா முந்தின வருடம் புற்றுநோயில் இறந்தபோது மாஸ்டர் துக்கம் கேட்க வந்திருந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். அவர் மட்டும், “கடைசியா கண்ணைத் திறந்து பாத்தாங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. அக்கறை என்றுதான் நினைத்தேன்.

வெண்ணந்தூரிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடிக் கம்பெனிக்கே வந்தார். வீட்டில் சொந்தமாகத் தறி ஓட்டும் குடும்பம். அவருடைய மகள் ஏழாவது படிக்கிறாள், கிளப்பில் நல்ல பேர் எடுத்தவள்.

“புகார் சொல்ல வரலீங்க” என்றுதான் ஆரம்பித்தார். “என்ற புள்ள தூங்க மாட்டீங்குதுங்க. சொவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு கண்ணை முழிச்சுக்கிட்டே கெடக்குதுங்க. தூங்கு சாமின்னா, ‘நான் அங்கயே தூங்கிட்டு வந்துட்டேன்’னு சொல்லுதுங்க.”

“எங்க தூங்கினாளாம்?”

“ஜூடோ கிளாஸ்லயாமுங்க.”

அந்த வாரமே நான் கிளாஸைப் பார்க்கப் போனேன். பொறுப்பாளர் என்ற முறையில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மாஸ்டர் நாற்காலி போடச் சொன்னார். பிள்ளைகள் ஓடினார்கள், விழப் பழகினார்கள், ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டார்கள். ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததே எனக்கு உறுத்தியது. அத்தனை குழந்தைகள் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தமே இல்லை. யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. மாஸ்டர் ஒருவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டால் மற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலை குனிந்துகொண்டார்கள்.

தண்ணீர் குடிக்க விட்டபோது பெண் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். சிலருக்குக் குரல் கம்மியிருந்தது. ஒருத்திக்குக் கண்ணின் வெள்ளையில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளி எதனால் வரும் என்று எனக்குத் தெரியும். கழுத்துப் பிடியைத் தட்டாமல் தாங்கிக்கொண்டு மயங்கி விழுந்த சீனியர் ஒருவருக்கு, கல்லூரியில் அதைப் பார்த்திருக்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கழுத்துப் பிடியே கூடாது.

“கிளாஸ் எப்படிப் போகுது?” என்றேன்.

“எல்லாம் நல்லா இருக்குதுங்கக்கா.” நான்கைந்து பேர், ஒரே குரல்.

அவர்களில் சின்னவள் மட்டும் என் பக்கம் நகர்ந்து வந்தாள். “அக்கா, நீங்க கெணத்துக்குப் போயிருக்கீங்களா?”

நீச்சலைக் கேட்கிறாள் என்று நினைத்து, சின்ன வயதில் போயிருக்கிறேன் என்றேன்.

“அப்ப அவரு உக்காந்திருந்தாரா?”

மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை, வெறுமனே பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். கூடத்தின் கோடியில் பாயைத் துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கட்டடத்தைச் சுற்றி எங்கேயும் கிணறு கிடையாது.

மறுநாள் வெண்ணந்தூர் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: பதிலை நீ கொடுத்துவிடாதே. குழந்தையிடம் ‘அடித்தாரா’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடும், ‘அடிக்கவில்லையே’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடும். நடந்ததை அவளே சொல்ல வேண்டும்.

கரண்ட் போயிருந்தது. தறிகள் நின்ற வீடு அடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அம்மா நிலைப்படியில் உட்கார்ந்துகொள்ள, நானும் அந்தப் பெண்ணும் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். மெலிந்த பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“கிளாஸ்ல என்னென்ன நடக்கும்னு சொல்றியா கண்ணு?” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் அறுந்த நூல் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். “கடைசியா மாஸ்டர் ஒவ்வொருத்தரா கூப்புடுவாருங்க. பின்னால உக்காந்து கழுத்துல கை போடுவாருங்க. தூங்கிருவோம். அப்புறம் எழுப்பி உட்டுக் கேப்பாருங்க.”

“என்ன கேப்பாரு?”

“கெணறு தெரிஞ்சுதான்னு. படியில ஆளு உக்காந்திருந்தாரான்னு. திரும்பிப் பாத்தாரான்னு.”

நிலைப்படியில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எல்லாரும் முதுகுதான் தெரிஞ்சுதும்பாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்கக்கா. காது அடைச்சுது, அவ்வளவுதான். திரும்பினாருன்னு சொன்னா என்னைய உட்ருவாருன்னு நெனச்சு, திரும்பினாருன்னு சொல்லிட்டேன்.”

“அப்புறம்?”

“அதுக்கப்புறம் என்னைய மட்டுந்தான் கூப்பிட்டாருங்க. தெனமும்.”

கேட்கவா வேண்டாமா என்று யோசித்து, கேட்டேன். “அப்ப நீ என்ன பண்ணுவே?”

“தட்டுவனுங்க. உட மாட்டாரு. ‘இன்னும் கொஞ்சம் இரு சாமி, அவன் பேசீருவான்’னு காதுகிட்ட சொல்லுவாரு.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து பக்கத்து வீட்டுத் தறிகள் ஒரே சமயத்தில் கிளம்பின. நான் எழுந்தே விட்டேன். அவள் அசையவில்லை.

அம்மாவிடம் அன்றைக்கே மகளை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அங்கிருந்தே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் நம்பவில்லை.

“மெடல் வாங்கிக் குடுத்த மனுசனுங்க அவரு. ஏதாச்சும் புள்ளைகளுக்குள்ள வெளையாட்டா இருக்கும். நாலு பேரு உக்காந்து பேசித் தீத்துக்கலாமுங்க.”

“பேசித் தீக்கற விஷயமில்லீங்க. அரசாங்கத்துல சொல்லியாச்சு. நாளையில இருந்து அவரு கிளாஸ் எடுக்கக் கூடாது.”

“ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமுங்க” என்றார் வருத்தமாக.

“உங்க பேரனும் அங்கதானுங்க வர்றான். என்ன நடக்குதுன்னு அவனையே கேளுங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க.”

போனை வைக்காமலே பேரனைக் கூப்பிட்டார். அவர் கேட்டது என் காதில் விழுந்தது. பையன் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னதும் கேட்டது. “எனக்கு முதுகு மட்டுந்தான் தாத்தா தெரிஞ்சுது.” சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடந்தது என்று சொல்கிற குரலில் சொன்னான்.

அப்புறம் தலைவர், “பூட்டிருங்க” என்றார்.

மறுநாள் மத்தியானம் பூட்டுப் போடப் போனேன். தலைவரும் வருவதாகச் சொல்லியிருந்தார், நான் முந்திவிட்டேன். கூடம் திறந்து கிடந்தது. மாஸ்டர் வெள்ளை உடையோடு பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தகவல் அவருக்குப் போயிருந்தது.

நான் வாசலிலேயே நின்றேன். கீழே பட்டறையில் ஆட்கள் இருக்கிறார்கள், சுத்தியல் சத்தம் கேட்கிறது என்பது ஒரு தைரியம்.

“உக்காருங்க” என்றார்.

“இல்லீங்க மாஸ்டர். சாவியை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் சாவியை எடுத்துப் பாயின் மேல் வைத்தார். ஆனால் தள்ளிவிடவில்லை. நான் போய்த்தான் எடுக்க வேண்டும். போகவில்லை.

நான் கேட்காமலே சொன்னார். அவருக்கு ஒரு தம்பி. பல வருடங்களுக்கு முன்பு அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைத் தூக்கத் தம்பி இறங்கினான். உள்ளே விஷவாயு. குரல் நின்றதும் இவர் பின்னாலேயே இறங்கினார். பாதிப் படியில் இவருக்கும் நினைவு போய்விட்டது. ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இரண்டு பேரையும் எடுத்தார்கள். இவர் பிழைத்தார்.

“நெனைவு போன நேரத்துல அவனைப் பாத்தனுங்க. படியில உக்காந்திருந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. கூப்புட்டேன், திரும்பல. அதுக்குள்ள என்னை மேல எடுத்துட்டாங்க.” அந்தக் கோபம் அவர் குரலில் இன்னும் இருந்தது, காப்பாற்றியவர்கள் மேல். “நானே நெனைவைப் போக்கிக்கிட்டு எத்தனையோ தடவை போய்ப் பாத்துட்டனுங்க. எனக்குக் கெணறே தெரிய மாட்டீங்குது. புள்ளைகளுக்குத் தெரியுது. நான் ஒருத்தர்கிட்டயும் அடையாளம் சொல்லலீங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. அது எப்படீங்க?”

கீழே சுத்தியல் சத்தம் நின்றது. சாப்பாட்டு நேரம். ஆட்கள் பேசிக்கொண்டே ரோட்டைத் தாண்டி ஹோட்டலுக்குப் போகும் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

“உங்க அக்கா எங்கியும் போயிருக்க மாட்டாங்க” என்றார் அதே மெதுவான குரலில். “ஒரே ஒரு தடவை வந்து உக்காருங்க. வலிக்காதுங்க.”

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயம் மட்டும் இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அந்தப் பாயில் போய் உட்கார வேண்டும் போல் இருந்தது. கடைசி நாட்களில் அக்கா யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். அவள் முகத்தை ஒருமுறை நேராகப் பார்க்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். வளர்ந்த எனக்கே இப்படி என்றால், அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்தபோது அந்தப் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள்.

என் கை வாசல் நிலையைத் தட்டிக்கொண்டிருந்தது. நானாகத் தட்டவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“யாருக்கும் ஒண்ணும் தெரியலீங்க மாஸ்டர். நீங்க கெணறுன்னு கேட்டீங்க, கெணறுன்னாங்க. உக்காந்திருந்தாரான்னு கேட்டீங்க, உக்காந்திருந்தாருன்னாங்க. உங்க கேள்வியைத்தான் திருப்பிச் சொன்னாங்க.”

அவர் என்னையே பார்த்தார். “எல்லாருமா?”

“எல்லாருந்தாங்க.”

“அப்ப அவன் இன்னும் தனியாத்தான் உக்காந்திருக்கானுங்களா?”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. தலைவர் மேல்மூச்சு வாங்க ஏறி வந்தார். மாஸ்டர் எழுந்து அவரைக் கும்பிட்டு, எங்கள் இருவரையும் தாண்டி இறங்கிப் போனார். செருப்புப் போட்டுக்கொள்ள மறந்து போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. அதிகாரிகள் வந்து பிள்ளைகளைத் தனித்தனியாக விசாரித்தார்கள். டாக்டர்கள் பார்த்தார்கள். ஒரு பையனுக்குக் கழுத்து நரம்பில் வீக்கம் இருந்து, சேலத்தில் சேர்த்துப் பார்த்துச் சரியானது. போலீசில் வழக்கு நடக்கிறது. மாஸ்டர் எதையும் மறுக்கவில்லை. இனி அவர் எங்கேயும் சொல்லிக்கொடுக்க முடியாது. பெற்றோர்களில் பாதிப் பேர் எனக்கு நன்றி சொன்னார்கள். மீதிப் பேர், போட்டி வரும் நேரத்தில் கிளப்பைக் கெடுத்துவிட்டேன் என்று என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

எனக்குத் தூக்கம் போனது வேறு காரணத்தால். பிள்ளைகள் அந்தக் கழுத்துப் பிடியை ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில், வாட்ச்மேன் இல்லாத நேரம் பார்த்து. கிணற்றுப் படியில் இருப்பவர் யாரை நோக்கித் திரும்புகிறார் என்று பந்தயம். ஒவ்வொரு பள்ளியாகப் போனேன். ஒவ்வொரு வீடாகவும் போனேன். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூளைக்கு ரத்தம் நின்றால் என்ன ஆகும் என்று டாக்டரைக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தேன். மெல்ல மெல்ல அது அடங்கியது. அடங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர் வரச் சம்மதித்ததும் கிளப்பை மறுபடி திறந்தோம். கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவர் கூடத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. வெண்ணந்தூர்ப் பெண்ணும் வந்தாள். அவளாகவே கேட்டு வந்ததாக அம்மா சொன்னார். தூங்குகிறாளாம், விளக்கு எரிய வேண்டுமாம்.

அப்போதுதான் மாஸ்டரின் அம்மா என்னைத் தேடி வந்தார். மகனுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறார், என்ன சொல்லி அனுப்புவது என்று தயாராக இருந்தேன். அவர் மாஸ்டரைப் பற்றிப் பேசவே இல்லை. கிணற்றில் செத்துப்போன சின்ன மகனைப் பற்றித்தான் பேசினார்.

“ஒரு அம்முணிகிட்ட மட்டும் என்ற சின்னவன் திரும்பிப் பாத்தானாமே. அந்தப் புள்ள ஊடு எங்கீங்க? ஒரு தடவை பாத்துட்டு வந்தர்றேன். எளச்சிருக்கறானா, அது மட்டும் கேக்கோணும்.”

“அப்படி ஒண்ணும் நடக்கலீங்கம்மா. குழந்தை பயத்துல சொன்னது.”

“அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க” என்றார் அமைதியாக. கோபமே இல்லை. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கிளாஸ் உள்ள நாட்களில் எதிரே பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். எந்தப் பஸ்ஸிலும் ஏறுவதில்லை. சுத்தமாகப் புடவை கட்டி, தலைவாரி, விருந்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். மாடிப்படியில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்ப்பார். அதிகாரிகளிடம் சொன்னேன். அவர்கள் பேசிப் பார்த்தார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்காருவது குற்றமா என்று கேட்டாராம். வெண்ணந்தூர் அம்மாவிடமும் சொல்லி எச்சரித்தேன். மகளை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால் கிளாஸ் முடியும் நேரத்தில் நான் போய் மாஸ்டரின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கம்பெனியிலிருந்து வரும் வழிதான். சில நாள் டீ வாங்கிக் கொடுப்பேன், குடிப்பார். மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம். போன வாரம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“மேல இருக்கறதுல அது எந்தப் புள்ளைங்க?”

“அந்தப் புள்ள இப்ப வர்றதில்லீங்கம்மா” என்றேன்.

கிளாஸ் விட்டது. பிள்ளைகள் சத்தமாகப் பேசிக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். வெண்ணந்தூர்ப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தோழியோடு எதற்கோ சிரித்தபடி எங்களுக்கு நேராக ரோட்டைத் தாண்டினாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளையைப் பார்த்தார்.